கொடையும் கடப்பாடும்: கட்டற்ற செய்நிரலொன்றை நிறுவுதல் குறித்த அறவியல் நோக்கு

ஒரு செயலைச் செய்வதற்கு உரிமை பெற்றிருத்தல் வேறு. அதனைச் செய்து முடிக்கும் ஆற்றல் பெற்றிருத்தல் வேறு. மெய்யியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பாகுபாடு இது. 1958ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஐசையா பேளின் நிகழ்த்திய பேருரை, பிறர் தலையீடு இல்லாதிருத்தலாகிய சுதந்திரத்தையும், ஒருவன் தன்னைத் தானே ஆளுதலாகிய சுதந்திரத்தையும் வேறுபடுத்திக் காட்டிற்று. சுதந்திரத்தையும் அதனைப் பயன்கொள்வதற்கு வேண்டிய நிலைமைகளையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது பேளினின் கருத்தாகும். 1979இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய அமர்த்தியா சென் இவ்வினாவை மறுபுறமிருந்து அணுகினார். மனிதர் எவ்வெப் பொருள்களைப் பெற்றுள்ளனர் என்பதனை மட்டும் நோக்காது, அப்பொருள்களைக் கொண்டு அவர்கள் எதனைச் செய்ய வல்லவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும் என்பது அவரது வாதம். பின்னர் அவர் எடுத்தாண்ட சைக்கிள் உதாரணம் பலரும் அறிந்தது. சைக்கிள் உடையோர் அனைவரும் அதனை ஓட்ட வல்லவர் அல்லர்.

இவ்விரு நோக்குகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமொன்று இன்றைய கணினி உலகில் உண்டு. கட்டற்ற செய்நிரலொன்றை எவரும், எந்நோக்கத்துக்காகவும் இயக்கலாம் என அதன் உரிமப் பத்திரம் அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பை நம்பி அதனைப் பெற்றுக்கொண்ட ஒருவரது கணினியிலோ அச்செய்நிரல் இயங்க மறுக்கின்றது. அவர் பெற்றது கொடையா, வெறும் அனுமதியா? கொடுத்தவருக்கு அதற்கு மேலும் ஏதேனும் கடப்பாடு உண்டா? பைதன் மொழியில் எழுதப்பட்ட செய்நிரல்களைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனுமதியும் வாசற்படியும்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றுவாய் 1983ஆம் ஆண்டாகும். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய றிச்சட் ஸ்டோல்மன், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழுமையான பணிசெயல் முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அவ்வாண்டு அறிவித்தார். அவ்வியக்கம் வகுத்துக்கொண்ட சுதந்திரங்கள் நான்கு. செய்நிரலை இயக்குதல், அதனைக் கற்று மாற்றியமைத்தல், படிகளைப் பிறர்க்கு வழங்குதல், மாற்றியமைத்த படிகளையும் வழங்குதல் என்பன அவை. இவற்றுள் இயக்கும் சுதந்திரம் ஒன்றெனவன்றிச் சுழியம் என எண்ணிடப்பட்டுள்ளது. ஏனைய மூன்றும் அதன்மேல் நிற்பன என்பது இதனாற் பெறப்படும்.

அடித்தளமான அச்சுதந்திரம் பேளின் கூறிய முதல்வகையைச் சார்ந்தது. இயக்காதே என்று தடுப்போர் எவருமிலர் என்பதே அதன் பொருள். இயக்கக்கூடிய நிலையில் இருக்கின்றோம் என்பது அதன் பொருளன்று. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் தூரத்தையே நிறுவுதல் என்னும் தொழில் கடக்கின்றது.

பைதன் மொழியில் இத்தூரம் மிகக் குறுகியது எனப் பலரும் கருதுவர். 1989ஆம் ஆண்டின் இறுதியில் அம்ஸ்ரடாம் நகரின் கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் கீடோ வான் றொசம் என்பார் இம்மொழியை ஆக்கத் தொடங்கினார். 1991இல் அதன் முதற்படி வெளியாயிற்று. பைதனில் எழுதிய செய்நிரலை ஒவ்வொரு கணினிக்கும் உரிய பொறிமொழியாக முற்கூட்டியே மாற்றி வழங்க வேண்டியதில்லை. பைதன் இயக்கி எக்கணினியில் உள்ளதோ அங்கு அச்செய்நிரலை இயக்கலாம் என்பதே கோட்பாடு. நடைமுறையில் இக்கோட்பாடு பல வாசற்படிகளில் இடறுகின்றது.

வின்டோஸ் முறைமையுடன் பைதன் வருவதில்லை. பெறுபவரே அதனைத் தேடி நிறுவுதல் வேண்டும். நிறுவும்போது, கட்டளை எங்கிருந்து கொடுக்கப்பட்டாலும் பைதனைக் கண்டுகொள்ளுமாறு கணினிக்கு வழிகாட்டும் சிறு கட்டம் ஒன்று வெறுமையாக விடப்பட்டிருக்கும். அதனைக் குறியிடத் தவறியவர் பின்னர் பைதன் எனத் தட்டச்சிடும்போது, அப்படியொரு கட்டளை இல்லை என்றோ, கடைப்பக்கத்துக்குச் செல்க என்றோ மறுமொழி பெறுவார். மாக் முறைமையுடன் பழைய பைதன் 2.7 பல்லாண்டுகளாக வந்துகொண்டிருந்தது. 2022இல் வெளியான 12.3ஆம் பதிப்புடன் அது நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த செய்நிரல்கள் ஒரே இரவில் ஆதாரமிழந்தன. லினக்ஸ் முறைமைகளில் நிலைமை நேர்மாறானது. அங்கு முறைமையின் சொந்தக் கருவிகளே பைதனைச் சார்ந்துள்ளமையால், பெறுபவர் தம் விருப்பப்படி அதில் எதனையும் சேர்த்தால் முறைமையே பழுதுறக்கூடும். ஆதலின் 2023இல் வெளியான டெபியன் 12, வேறாக அமைத்துக்கொண்ட தனிச்சூழலின்றிப் பைதன் பொதிகளை நேரடியாக நிறுவ முனைவோரைத் தடுத்து நிறுத்துகின்றது.

எனவே, ஒரு செய்நிரல் மூன்று முறைமைகளிலும் இயங்கும் என்னும் ஒரு வரிக்குப் பின்னே மூன்று வேறு வகையான அறிவும், மூன்று வேறு வகையான பொறுமையும் மறைந்து கிடக்கின்றன. அவ்வுழைப்பு எவர்மேற் சார்கின்றது என்பதே அறவியல் வினாவாகும்.

கொடுப்போர் கடனற்றவரா?

கொடுப்போர்க்கு எக்கடப்பாடும் இல்லை என வாதிடுவோர் உளர். அவர்தம் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. செய்நிரலை ஆக்கியவர் கூலி பெற்றிலர். எவரையும் வற்புறுத்தினாரும் அல்லர். தம் தேவைக்காக ஒன்றைச் செய்து, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என வெளியே வைத்தார். எடுத்துக்கொண்டவர், என் கணினியில் இது ஏன் இயங்கவில்லை என அவரிடம் முறையிடுவது எவ்வாறு நியாயமாகும்? கட்டற்ற உரிமப் பத்திரங்களும் இந்நிலைப்பாட்டையே கொண்டுள்ளன. செய்நிரல் உள்ளவாறே வழங்கப்படுகின்றது என்றும், அது எப்பயனுக்கும் பொருந்தும் என உத்தரவாதமில்லை என்றும் அவை வெளிப்படையாகவே கூறுகின்றன.

இவ்வாதத்துக்கு வலுவூட்டும் மற்றொரு காரணமும் உண்டு. இயலாத ஒன்றைக் கடமையென விதித்தல் பொருந்தாது என்பது கான்ற் என்னும் ஜேர்மானிய மெய்யியலாளரின் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் கொள்கையாகும். லினக்ஸ் கணினியொன்றை மட்டும் உடைய மாணவரொருவர் ஒரு செய்நிரலை எழுதுகின்றார் எனக் கொள்வோம். அதனை மாக் முறைமையில் இயக்கிப் பார்ப்பதற்கு அவர் அப்பிள் நிறுவனத்தின் கணினியையே பெறுதல் வேண்டும். அம்முறைமையின் உரிமம் பிற கணினிகளில் அதனை நிறுவ இடந்தருவதில்லை. வின்டோசில் இயக்கிப் பார்ப்பதற்கும் விலைகொடுத்து உரிமம் பெறுதல் வேண்டும். தம் உழைப்பை இலவசமாக வழங்கியவர், அவ்வழங்கலை முழுமையாக்கும் பொருட்டுத் தம் பொருளையும் செலவிடக் கடமைப்பட்டவர் எனக் கூறுதல் அறமாகாது.

இருப்பினும் இவ்வாதம் மெய்ப்பிப்பது ஒன்றையே. எல்லாக் கணினிகளிலும் இயக்கிக் காட்டும் கடமை கொடுப்போர்க்கு இல்லை என்பதே அது. எக்கடமையும் இல்லை என்பது அதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனாலேயே விவாதம் பெரும்பாலும் குழம்புகின்றது.

பரவலாக வழங்கும் கட்டற்ற உரிமங்களுள் ஒன்றாகிய குனூ பொது உரிமத்தை ஈண்டு நோக்குதல் பயன்தரும். 1991இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு, இயக்கத்தக்க வடிவில் செய்நிரலை வழங்குவோர் அதன் மூலக் குறிமுறையையும் கிடைக்கச் செய்தல் வேண்டும் என விதிக்கின்றது. மூலக் குறிமுறை என்பதனுள் எவையெவை அடங்கும் என வரையறுக்கும் இடத்தில், செய்நிரலைத் தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் பயன்படும் கட்டளைத் தொகுதிகளையும் அது சேர்த்துக்கொள்கின்றது. மாற்றிய செய்நிரலைத் தன்னுள் இயங்கவிடாத சாதனங்கள் தோன்றிய பின்னர், 2007இல் வெளியான மூன்றாம் பதிப்பு ஒருபடி மேலே சென்றது. அது சிலவகை வீட்டுப் பாவனைச் சாதனங்களுடன் வழங்கும் செய்நிரலுக்கு, நிறுவுதற்கு வேண்டிய தகவலையும் வழங்குதல் வேண்டும் என விதித்தது. உத்தரவாதம் இல்லை எனக் கூறும் அதே பத்திரம், வாசற்படியை மறைத்து வைத்தலைக் குற்றமாகக் கொள்கின்றது. நிறுவும் வழியை அறியாதவருக்கு மூலக் குறிமுறை மட்டும் போதாது என்பதனை இயக்கத்தவரே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே, கொடுப்போரின் கடப்பாடு செயலில் அன்று, உண்மையிலேயே தொடங்குகின்றது எனலாம். இச்செய்நிரல் பைதனின் எப்பதிப்பில் எழுதப்பட்டது, எத்துணை நிரற்றொகுதிகளை வேண்டி நிற்கின்றது, எம்முறைமையில் இயக்கிப் பார்க்கப்பட்டது, எதில் இயக்கிப் பார்க்கப்படவில்லை என்பனவற்றை எழுதி வைத்தல் எவர்க்கும் இயலும். அதற்குப் பொருட்செலவில்லை. அனைவர்க்கும் உரியது என அறிவித்துவிட்டு இதனைச் சொல்லாது விடுதல், பெறுவோரின் நேரத்தை அவரறியாமலே செலவிடச் செய்வதாகும். டெபியன் குழுவினர் 1997இல் ஏற்றுக்கொண்ட சமுதாய உடன்படிக்கையில், குறைபாடுகளை மறைப்பதில்லை என்னும் உறுதிமொழியும் இடம்பெற்றமை இவ்விடத்தே நினைவுகூரத்தக்கது.

கலிபர் தரும் சான்று

இதுவரை கூறியவற்றை உண்மையான செய்நிரல் ஒன்றில் வைத்து நோக்குவோம். மின்னூல்களைத் தொகுத்து வைக்கவும் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவும் உதவும் கலிபர் என்னும் செய்நிரல் பெரும்பாலும் பைதனில் எழுதப்பட்டது. அதன் பிறப்பே பணிசெயல் முறைமை பற்றிய ஒரு குறையிலிருந்து தோன்றிற்று. 2006இல் சோனி நிறுவனம் வெளியிட்ட மின்னூற் கருவி லினக்ஸ் முறைமையுடன் இணைந்து இயங்கவில்லை. கோவித் கோயல் என்பார் அக்கருவி கணினியுடன் உரையாடும் முறையைத் தாமே ஆராய்ந்தறிந்து, லினக்ஸ் பாவனையாளருக்கென ஒரு செய்நிரலை எழுதினார். வாசற்படியில் நிறுத்தப்பட்ட ஒருவர் ஆக்கிய வழி, பின்னர் மூன்று முறைமைகளிலும் இயங்கும் பொதுவுடைமையாயிற்று.

அச்செய்நிரலை நிறுவும் முறை பற்றி இன்றும் இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. லினக்ஸ் வழங்கற் குழுக்கள் தாமே ஒழுங்குசெய்த பொதியாக அதனைத் தம் களஞ்சியங்களில் வைத்துள்ளன. கோயலோ அவற்றைத் தவிர்த்துத் தாம் ஆயத்தஞ்செய்த பொதியையே நிறுவுமாறு பாவனையாளருக்கு அறிவுறுத்துகின்றார். அவரது பொதி, தனக்கு வேண்டிய பைதனையும் துணை நிரற்றொகுதிகளையும் தன்னகத்தே கொண்டு வருவது. நூறு மெகாபைற்றுக்கும் மேற்பட்டது.

இது வெறும் தொழினுட்பப் பிணக்கன்று. வழங்கற் குழுவினர் கூறுவது, ஒரு துணை நிரற்றொகுதியில் பாதுகாப்புக் குறை காணப்படின் அதனை ஓரிடத்தில் திருத்தினால் முறைமை முழுவதும் திருந்த வேண்டும் என்பது. ஒவ்வொரு செய்நிரலும் தனக்கெனத் தனிப்படி வைத்திருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே திருந்தக் காத்திருத்தல் வேண்டும். ஆக்கியோர் கூறுவது, தாம் காணாத மாற்றங்களுடன் பிறர் வழங்கும் படியில் நேரும் பழுதுக்கும் தம்மிடமே முறையீடு வருகின்றது என்பது. முன்னையோர் சமுதாயத்தின் நலத்தை முன்வைக்கின்றனர். பின்னையோர் தனியொரு பாவனையாளரின் கையில் அச்செய்நிரல் பழுதின்றி இயங்குதலை முன்வைக்கின்றனர். இரண்டும் கடமையுணர்வின் பாற்பட்டனவே. எவர் எப்பழுதுக்குப் பொறுப்பேற்கின்றார் என்பது பெறுவோர்க்குத் தெளிவாக்கப்படும்வரை இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். பொறுப்பு எவரிடமும் தங்காது இடைவெளியில் வீழும்போதே பெறுவோர் அநீதிக்குள்ளாகின்றனர்.

மாற்றத்தின் விலை

நிறுவுதல் ஒருமுறை முடிந்துவிடும் செயலன்று. இன்று இயங்கும் செய்நிரல் நாளை இயங்காது போகலாம். 2008 டிசம்பரில் வெளியான பைதன் 3, முன்னைய பதிப்புக்கு எழுதப்பட்ட செய்நிரல்கள் பல மாற்றமின்றி இயங்கா வண்ணம் அமைந்தது. ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று எனப் பைதன் 2 விடையளிக்கும். மூன்றரை எனப் பைதன் 3 விடையளிக்கும். 2015இல் நிறுத்தப்படவிருந்த பைதன் 2இன் ஆதரவு ஐந்தாண்டுகள் நீடிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின்னர் எவரும் திருத்தாது விட்ட செய்நிரல்கள் எண்ணில. கலிபரை ஆக்கியவரும் முதலில் இம்மாற்றத்தை விரும்பாது, பைதன் 2ஐத் தாமே பேணிக்கொள்ள இயலும் என்னும் நிலைப்பாட்டைக் கொண்டிருந்தார். தன்னார்வலர் சிலரின் உழைப்பும் சேர, 2020 செப்ரெம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்புடன் கலிபர் பைதன் 3க்கு மாறிற்று. பிறர் எழுதி இணைத்திருந்த துணைச் செருகல்கள் பல அன்று செயலிழந்தன.

இத்துணை இடர் விளைத்த மாற்றத்தை அநீதியெனக் கண்டித்தல் எளிது. ஆயின் அம்மாற்றத்தின் தலையாய காரணங்களுள் ஒன்று எழுத்துகள் பற்றியது. அம்மா என்னும் சொல்லின் நீளம் யாது எனப் பைதன் 2ஐ வினவினால், யூ.ரி.எப்.-8 குறிமுறையில் எழுதப்பட்ட இடத்து அது பதினைந்து என விடையளிக்கும். தமிழ்க் குறியொன்று மூன்று பைற்றுகளைக் கொள்ள, அது பைற்றுகளையே எழுத்துகளெனக் கருதிற்று. ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் அக்கணக்குப் பிழைக்கவில்லை. பிறமொழி எழுத்துகளுக்கென வேறொரு வகை அதனுள் இருந்ததாயினும், அது தனியே கேட்டுப் பெறவேண்டிய சலுகையாகவே இருந்தது. பைதன் 3 எல்லா மொழிகளின் எழுத்துகளையும் இயல்பான நிலையிலேயே ஒருங்குறியாகக் கொண்டது. அங்கு அம்மாவின் நீளம் ஐந்து. அகரம், மகரம், புள்ளி, மகரம், ஆகாரக் குறி என அது எண்ணுகின்றது. தமிழிலக்கண முறைப்படி மூன்று என எண்ணுவதற்கு ஓப்பன் தமிழ் போன்ற துணை நிரற்றொகுதிகள் தேவைப்படுகின்றன. எனினும் பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தமை சிறிய முன்னேற்றமன்று.

இவ்வகையில் நோக்கின், பழைய செய்நிரல்களை உடைத்த அதே மாற்றம், அதுவரை வாசலுக்கு வெளியே நின்ற மொழியினரை உள்ளே கொணர்ந்தது. நிலைத்திருத்தல் எப்போதும் நீதியன்று. சிலர்க்கு வசதியான பழமை வேறு சிலர்க்குத் தடையாக இருக்கலாம். அதே வேளையில், மாற்றத்தின் பயனைப் பெறுவோரும் அதன் விலையைக் கொடுப்போரும் எப்போதும் ஒருவரே அல்லர். 2022இல் வெளியான கலிபரின் ஆறாம் பதிப்பு 32 பிற் கணினிகளையும், வின்டோஸ் 10க்கு முந்திய முறைமைகளையும் கைவிட்டது. அது சார்ந்திருந்த திரைத்தோற்றத் தொகுதியின் புதிய பதிப்பு அவற்றை ஏற்காமையே காரணம். பழைய கணினியைக் கைவிட இயலாதோர் பெரும்பாலும் புதியது வாங்கும் வசதியற்றோரே. அவர்களுக்கென 5.44ஆம் பதிப்பு தொடர்ந்தும் கிடைக்குமாறு வைக்கப்பட்டுள்ளமை பாராட்டத்தக்கது. முன்னே செல்வோர் பின்தங்குவோர்க்கு வழியை அடைத்துவிடாது செல்லுதல் வேண்டும் என்னும் இரண்டாவது கடப்பாடு இதனாற் புலனாகும்.

ஈகையா, ஒப்புரவா?

கொடுப்போரின் கடப்பாடுகள் இவையாயின், பெறுவோர் கடனற்றவரா என்னும் வினா எஞ்சுகின்றது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வகுத்துள்ளமை இங்கு வழிகாட்டும். ஈகை, இல்லாத ஒருவர்க்கு உடையவர் கொடுப்பது. அங்கு பெறுவோர் பெற்றவுடன் அச்செயல் முடிவுறுகின்றது. ஒப்புரவு, ஊர் முழுவதும் பயன்கொள்ளும் நிலையில் ஒன்றை வைத்திருத்தல். ஊருணியும் பழமரமும் அங்கு உவமைகளாகின்றன. கட்டற்ற செய்நிரலை ஈகையாகக் கொண்டால் பெறுவோர் இரப்போராவர். முறையிடவும் உரிமையற்றவர், உதவவும் கடமையற்றவர் ஆவர். அதனை ஒப்புரவாகக் கொண்டால் அவர் ஊரவராகின்றார்.

ஊருணியை வெட்டியவரே அதற்குப் படித்துறையையும் என்றென்றும் கட்டிக்கொண்டிருத்தல் வேண்டும் என எவரும் கூறார். நீர் மொண்டவர் கால் வழுக்கிய இடத்தில் ஒரு கல்லை இடுதல் இயல்பானது. வின்டோசில் ஒரு செய்நிரலை அரும்பாடுபட்டு நிறுவியவர், ஆக்கியோர் அறியாத ஒன்றை அறிந்தவராகின்றார். லினக்சில் எழுதப்பட்ட செய்நிரல், கோப்பின் குறிமுறையைக் குறிப்பிடாது விட்டமையால் வின்டோசில் தமிழ் எழுத்துகளைக் கண்டதும் நின்றுபோவதுண்டு. லினக்சில் மட்டும் உழைத்த ஆக்கியோர் அதனை ஒருபோதும் கண்டிருக்க மாட்டார். கண்டவர் அதனை எழுதித் தெரிவிக்காது, தம் கணினியில் மட்டும் சரிசெய்துகொண்டு அமைதியடைந்தால், அடுத்து வருபவர் அதே இடத்தில் இடறுவார். பெறுவோரின் கடப்பாடு இதுவே. தாம் கடந்த படியைப் பின்வருவோர்க்கு அடையாளமிட்டுச் செல்லுதல். இதற்குச் செய்நிரல் எழுதும் வன்மை வேண்டியதில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதும் நேர்மை போதும்.

முறையீட்டுக்கும் தெரிவித்தலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கு தெளிவாகும். இது இயங்கவில்லை எனச் சினத்துடன் எழுதுபவர் வாடிக்கையாளராக நின்று பேசுகின்றார். இன்ன முறைமையில், இன்ன பதிப்பில், இன்ன படியில் நின்றுவிட்டது என எழுதுபவர் பங்காளியாக நின்று பேசுகின்றார். விலை கொடாத இடத்தில் வாடிக்கையாளரின் உரிமையைக் கோருதல் பொருந்தாது. பங்காளியின் உரிமையோ விலையால் வருவதன்று.

முடிவாக நோக்குமிடத்து, பேளினும் சென்னும் சுட்டிய இருவகை நோக்குகளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று மறுப்பனவல்ல என்பது புலனாகின்றது. அனுமதியை ஒருவரே கொடுத்துவிடலாம். அதற்கு ஒரு பத்திரம் போதும். இயலுமையை ஒருவரே கொடுத்துவிட இயலாது. ஆக்கியவர் உண்மையைச் சொல்லி, பொதிசெய்தவர் பொறுப்பேற்று, முன்சென்றவர் பழைய வழியைத் திறந்து வைத்து, நிறுவியவர் தாம் கண்டதை எழுதி வைக்கும்போதே அது சிறிது சிறிதாக உருவாகின்றது. எவரும் இயக்கலாம் என்னும் உரிம வாசகம் ஒரு வாக்குறுதி. அதனை மெய்யாக்கும் கடன் அதனை எழுதியவருக்கு மட்டுமன்றி, அதனாற் பயன்பெற்ற அனைவர்க்கும் உரியதெனத் துணிந்து கூறலாம்.